மிச்ச காப்பர் பைப்பில் ஒரு மேஜை விளக்கு

ஸ்பிளிட் ஏசி மாட்டுகிற எந்த மெக்கானிக் வீட்டுக்குப் போனாலும் ஏதாவது ஒரு மூலையில் காப்பர் பைப் துண்டுகள் கிடக்கும். உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் நடுவே போகிற பைப்பை அளந்து வெட்டியதும் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் என்று மிச்சப்படும். ஜாயின்ட் போட்டு அடுத்த வேலையில் தள்ளிவிடலாம்தான். ஆனால் ஜாயின்ட் கூடக்கூட கேஸ் கசியும் இடமும் கூடும் என்பதால் மனசு ஒப்பாது. கடைசியில் பழைய செம்போடு செம்பாக எடைக்குப் போகும். நான் கோவையில் இந்த வேலை பார்க்கிறவன். என் வீட்டு மிச்சம் இப்போதெல்லாம் எடைக்குப் போவதில்லை, மேஜை விளக்காகிவிடுகிறது.

இணையத்தில் பார்க்கிற காப்பர் விளக்குகள் பெரும்பாலும் வெளிநாட்டு பிளம்பிங் பைப்பில் செய்தவை. அது விறைப்பான பைப். எல்போவும் டீயும் கோத்து, பற்றவைத்தோ பசை போட்டோ நிறுத்துவார்கள். நம் ஊரில் வீட்டுத் தண்ணீர் வேலை எப்போதோ சிபிவிசி பிளாஸ்டிக் பைப்புக்குப் போய்விட்டது. இங்கே சுலபமாகக் கிடைப்பது ஏசிக்கான மென்மையான பைப். அதைக் கையாலேயே வளைக்கலாம், எல்போ வேண்டாம். நுனியை விரித்து நட்டால் பிடிக்க வைக்கிற பிளேர் ஜாயின்ட் இருப்பதால் தீயும் வேண்டாம், பசையும் வேண்டாம். எந்த நாளும் ஸ்பேனர் வைத்துக் கழற்றி மறுபடி மாட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த விரிந்த வாய் ஒயரைக் கிழிக்காது. இந்த விளக்கில் என் கண் முழுக்க அங்கேதான் இருக்கும். செம்பும் மரமும் பார்க்க அழகு, சரி. உள்ளே ஓடப்போவது 230 வோல்ட். அதைச் சுற்றி இருப்பது முழுக்க முழுக்க கரண்டைக் கடத்துகிற உலோகம். அதனால் எந்த அளவை எடுக்கும்போதும் 'ஒயர் இங்கே எதன் மீது உரசும்?' என்று கேட்டுக்கொண்டே எடுங்கள்.

சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். அரை இஞ்ச் காப்பர் பைப், பட்டறை பாஷையில் நாலு நூல், முக்கால் மீட்டர் நீளம். கால் இஞ்ச் பைப்புக்குள் மூன்று கோர் ஒயர் நுழையாது. மூணு நூல் பைப்பின் உள்விட்டம் 8 மில்லிக்கும் குறைவு, ஒயர் நேரில் போகும், வளைவில் மாட்டிக்கொள்ளும். அஞ்சு நூல் கையால் வளைக்க முரண்டு பிடிக்கும். அரை இஞ்சின் வெளிவிட்டம் 12.7 மில்லி, உள்ளே சுமார் 11 மில்லி, அதுதான் தோது. ஓடின ஏசியிலிருந்து கழற்றிய பைப் வேண்டாம். உள்ளே கம்ப்ரஸர் ஆயில் படிந்திருக்கும், துடைத்து மாளாது, பிவிசி உறைக்கும் அது ஆகாது.

ஃபிரிட்ஜ், ஏசி ஸ்பேர் கடையில் அரை இஞ்ச் பிளேர் நட் இரண்டு, பிளேர் பிளக் ஒன்று, ஹாஃப் யூனியன் ஒன்று. பிளேர் பிளக் என்பது நட்டின் வாயை அடைக்கிற பித்தளை அடைப்பான். ஹாஃப் யூனியனுக்கு ஒரு பக்கம் பிளேர் மறை, மறுபக்கம் அரை இஞ்ச் பைப் மறை இருக்கும். அந்தப் பைப் மறையில் பலகைக்கு அடியிலிருந்து இறுக்குகிற செக் நட்டைத் தேடி அலைய வேண்டாம். பிளம்பிங் கடையில் ஜிஐ பைப்புக்குத் தருகிற அரை இஞ்ச் செக் நட்டே ஏறிவிடும். யூனியனில் இருப்பது அமெரிக்க மறை, ஜிஐயில் இருப்பது பிரிட்டிஷ் மறை, கோணம் வேறு. ஆனால் அரை இஞ்ச் அளவில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மறைதான். கேஸ் நிற்க வேண்டிய இடமென்றால் இந்த ஜோடி ஆகாது, பலகையைக் கவ்விப் பிடிக்கத் தாராளம்.

எலக்ட்ரிக்கல் கடையில் 10 மில்லி மறையுள்ள பித்தளை பல்ப் ஹோல்டர், எர்த் திருகு உள்ளதாகப் பார்த்து. அதே மறையில் ஒரு இஞ்ச் நீள நிப்பிள், அதாவது வெளியே மறை போட்ட குட்டிக் குழாய். 0.75 சதுர மில்லி மூன்று கோர் வட்ட ஒயர் இரண்டரை மீட்டர், ஒயரின் நடுவே போடுகிற இன்லைன் ஸ்விட்ச், 6 ஆம்பியர் மூன்று பின் பிளக். ஒயரிலும் பிளக்கிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும். ஒயரை வெட்டித் தரும் முன்பே அதன் நுனி நிப்பிளுக்குள் இழுபறி இல்லாமல் போகிறதா என்று கடையிலேயே நுழைத்துப் பார்த்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி உறையின் தடிமன் மாறும்.

மரம்

அடிப்பலகைக்கு 25 சென்டிமீட்டர் நீளம், 15 அகலம், 4 தடிமன். என் கை போவது வாகைக்கு. வைரம் பாய்ந்த பகுதி கரும்பழுப்பாக இருக்கும், எண்ணெய் பட்டதும் ரேகை எழும்பி வரும், அதன் மீது செம்பு வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பூவரசும் நல்லது. தேக்கு கிடைத்தால் குறை ஒன்றுமில்லை, ஆனால் நிலைக்கதவுக்கு எடுத்ததில் மிஞ்சிய துண்டாக இருக்கட்டும், இதற்கென்று காசு கொடுத்து வாங்க வேண்டாம். லேசான மரம் வேண்டாம், நிற்கிற விளக்குக்கு எடை வேண்டும். பிளைவுட்டில் செய்யலாம்தான், விளிம்பில் அடுக்கு தெரியும், எனக்குப் பிடிக்காது.

துண்டு எங்கே கிடைக்கும் என்றால், கட்டில், கதவு செய்கிற ஆசாரியின் பட்டறையில். "அண்ணா, நாலு சென்டி கனத்துல ஒரு துண்டு இருந்தாக் குடுங்க, ரெண்டு பக்கமும் மெஷின்ல இழைச்சே குடுத்துருங்க" என்று கேட்டால் பெரும்பாலும் டீக்காசோடு முடிந்துவிடும்.

மரம் காய்ந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஈரப்பலகையில் இறுக்கிய செக் நட், பலகை சுருங்கியதும் தளரும். நட் தளர்ந்தால் பைப் ஆடுவது மட்டுமல்ல, எர்த் தொடர்பும் அங்கேதான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து ஆடும். சோதிக்கச் சுலபமான வழி: சமையலறைத் தராசில் எடை போட்டு, பலகையின் மீதே பென்சிலால் எழுதிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள். திரும்ப எடை போட்டால் குறைந்திருக்கிறதா? அப்படியென்றால் இன்னும் காய்கிறது, காத்திருங்கள். எடை நிலைத்த பிறகு உளி வையுங்கள். இந்த அளவில் காய்ந்த வாகையோ தேக்கோ ஒரு கிலோவை ஒட்டி வரும். முக்கால் மீட்டர் பைப் 200 கிராம் சுமார்தான். ஆக, கனம் கீழேயே இருக்கிறது.

பைப் நிற்கும் இடம் பலகையின் நடு அல்ல. பின் விளிம்பிலிருந்து 5 சென்டி உள்ளே. வளைந்து முன்னால் வருகிற பல்ப், பைப்பிலிருந்து 15 சென்டி தள்ளித் தொங்கும், அதாவது பின் விளிம்பிலிருந்து 20 சென்டியில். பல்பிலிருந்து நூல் குண்டு விட்டால் அது பலகைக்குள்ளேயே விழ வேண்டும், வெளியே விழுந்தால் பூனை உரசினாலும் விளக்கு முன்னால் சாயும். நீளத்தைக் கூட்ட ஆசைப்படுகிறவர்கள் பலகையையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

குடைவதெல்லாம் அடிப்பக்கத்திலிருந்து. முதலில் 45 மில்லி பிட்டால் 28 மில்லி ஆழத்துக்கு ஒரு குழி. மேலே 12 மில்லி மரம் நிற்கும். அந்தக் குழியை ஒட்டி முன்பக்கமாக, பாதி ஒன்றின் மேல் ஒன்று விழுகிற மாதிரி இரண்டாவது குழி. இடையில் நிற்கிற முனைகளை உளியால் தட்டி எடுத்தால் நீளவாக்கில் ஒரு அறை கிடைக்கும், ஒயர் இணைப்பு அங்கேதான். பெரிய குழியை முதலில் போடுங்கள், சின்ன ஓட்டையைப் பிறகு. மாற்றிச் செய்தால் பெரிய பிட்டின் நடு முள்ளுக்குப் பிடிமானம் இருக்காது, அலைந்து கிழிக்கும். பிறகு முதல் குழியின் நடுவில் 22 மில்லி பிட்டை வைத்து மேலே வரை துளையுங்கள். முள் முனை மேல்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி மேலிருந்து முடித்தால் விளிம்பு சிலும்பாது. பின் விளிம்பின் நடுவிலிருந்து அறைக்குள் ஒயர் வர 8 மில்லி ஓட்டை ஒன்று. ஒயர் தடிப்பு கூடுதலென்றால் 9.

உப்புத்தாள் 80இல் தொடங்கி 120, 220 என்று போங்கள். ரேகை போகும் திசையில்தான். குறுக்கே தேய்த்த கோடு எண்ணெய் பூசின பிறகுதான் பல்லிளிக்கும்.

பைப்

வெட்டுவதற்கு டியூப் கட்டர்தான், ஹேக்ஸா வேண்டாம். கட்டரைச் சுற்றச் சுற்ற, ஒவ்வொரு சுற்றுக்கும் திருகைக் கொஞ்சமாக இறுக்குங்கள். அவசரப்பட்டு இறுக்கினால் வாய் உள்பக்கம் ஒடுங்கும். வெட்டி முடித்ததும் விரலை வாய்க்குள் விட்டுப் பாருங்கள். உள் விளிம்பில் கத்தி முனையாக ஒரு பிசிறு சுற்றிலும் நிற்கும். கேஸ் லைனில் இது பிளேரைக் கெடுக்கும். விளக்கில் அதைவிட மோசம், ஒயரை இழுக்கும்போது உறையைச் சீவிவிடும், வெளியே தெரியவும் தெரியாது. ரீமரால் பிசிறை எடுங்கள். எடுக்கும்போது பைப் வாய் கீழ் நோக்கி இருந்தால் தூள் உள்ளே போகாது.

சுருளிலிருந்து வந்த பைப் என்பதால் லேசான வளைவு இருக்கும். தரையில் வைத்து, மேலே தட்டையான பலகையை அழுத்தி உருட்டினால் நேராகிவிடும்.

இனி வளைப்பது. வடிவம் குடைக்காம்பு. 38 சென்டி நேராக மேலே ஏறி, அரை வட்டம் அடித்து, 7 சென்டி கீழே இறங்கும். அரை வட்டத்துக்கு 14 சென்டி விட்டத்தில் பலகை வட்டம் ஒன்று அறுத்து மேஜையில் திருகி வைத்துக்கொள்ளுங்கள். பைப்பின் நடுவிலிருந்து கணக்கிட்டால் ஆரம் 7.6 சென்டி வரும், அரை வட்டத்தின் நீளம் 24 சென்டி. மூன்றையும் கூட்டினால் 69. முக்கால் மீட்டர் எடுத்தது, வளைத்த பிறகு நுனியை வெட்டிச் சரி செய்துகொள்ள.

வளைக்கும்போது பைப் நசுங்காமல் காக்கிற பென்டிங் ஸ்பிரிங்கை பைப்பின் மீது ஏற்றி, வளைவு வரப்போகும் இடத்தில் நிறுத்தி, பலகை வட்டத்தைச் சுற்றி ஒரே இழுவையில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்துக்கொண்டு போங்கள். கட்டைவிரல் பைப்பை வட்டத்தோடு சேர்த்து அழுத்தியபடியே நகர வேண்டும். வளைத்ததை நிமிர்த்தாதீர்கள். செம்பை வளைக்க வளைக்க இறுகும், ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆட்டினால் மடிப்பு விழும். நீங்கள் கொடுத்த வளைவிலிருந்து அது கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் அரை வட்டத்துக்கு ஒரு முடி அதிகமாகவே வளையுங்கள். ஸ்பிரிங் இறுக்கிக்கொண்டால் இழுத்து மல்லுக்கட்டாமல், அது பெரிதாகும் திசையில் முறுக்கினால் கழன்று வரும்.

ஸ்பிரிங் இல்லாதவர்கள் பொடி மணலை இறுக நிரப்பி இரண்டு வாயையும் அடைத்து வளைக்கலாம். மணல் மொறமொறவென்று காய்ந்திருக்க வேண்டும். மணலோடு பைப்பைச் சூடு காட்டவே கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் ஆவியாகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டு மாதிரித் தள்ளும். பைப் ஏற்கெனவே இறுகிப்போயிருந்தால், காலியாக வைத்து, நிழலான இடத்தில் மங்கல் சிவப்பு தெரியும்வரை டார்ச்சால் சூடாக்கி ஆறவிடுங்கள், மறுபடி மெழுகாகிவிடும். தண்ணீரில் போட்டாலும் சரி, எஃகு மாதிரி செம்பு அதனால் இறுகாது.

வளைத்தாயிற்றா? இப்போது நட். பிளேர் நட்டை முதலில் ஏற்ற வேண்டும், அப்புறம்தான் நுனியை விரிக்க வேண்டும். வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே நான் சொல்வது இதைத்தான், மூணாவது நாளும் சொல்வேன். விரித்த பிறகு நட் ஏறாது, வெட்டி எறிய வேண்டியதுதான். நட்டின் மறைப்பக்கம் நுனியைப் பார்த்து இருக்கட்டும்.

பிளேரிங் டூலின் அச்சில் பைப்பைப் பிடித்து, நுனி அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வெளியே தெரியும்படி இறுக்குங்கள். கூம்பின் முனையில் ஒரு சொட்டு எண்ணெய். முக்கால் சுற்று இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்குங்கள். பைப்பின் வாய் நாதஸ்வர அணசு போல ஒரே சீராக விரியும். அச்சு பிடிக்க நேரான இடம் வேண்டும், அதனால்தான் இறங்குகிற பக்கத்தில் 7 சென்டி விட்டோம், அதைக் குறைக்காதீர்கள். விரிந்த விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி. ஓரம் ஒருபக்கம் அகன்று ஒருபக்கம் குறைந்திருந்தால் கேஸ் வேலைக்கு ஆகாது, விளக்குக்கு ஓடும்.

லேத்தில் ஒரு வேலை

பிளேர் பிளக் கெட்டிப் பித்தளை. அதன் நடுவே 9 மில்லி துளை போட்டு, 10 மில்லி விட்டத்தில் 1 மில்லி இடைவெளி மறை வெட்ட வேண்டும். அந்த மறை வெட்டும் டூல் எல்லோர் வீட்டிலும் இருக்காது. எங்கள் கோவையில் கணபதி ஏரியாப் பக்கம் லேத் பட்டறைக்குப் பஞ்சமா? நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது பட்டறைக்காரர் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, அடைக்கறதுக்கு இருக்கற சாமான்ல போயி ஓட்டை போடச் சொல்றீங்க. கேஸ் பூராப் போயிருமேங்."

"கேஸ் இல்லீங்ண்ணா, கரண்டு ஒயர் போகுது. லைட்டு பண்றனுங்."

"அப்படிச் சொல்லுங்க" என்றவர், துளையின் இரண்டு வாயையும் அவராகவே சாய்வாகச் சீவிக் கொடுத்தார். ஒயர் போகிறது என்றதும் அவருக்கே தோன்றியிருக்கிறது. நீங்கள் கொடுக்கும்போது கேட்டே வாங்குங்கள்: துளை நேர் நடுவில், இரண்டு பக்கமும் சாம்பர். நிப்பிளின் இரண்டு நுனியையும் அதே போல ஒருமுறை சீவச் சொல்லிவிடுங்கள்.

சின்னப் பித்தளைத் தகடு ஒன்றும் வேண்டும். 22 மில்லி ஓட்டையோடு, ஒரு பக்கம் வாலாக நீண்டு, வாலில் 4 மில்லி ஓட்டை. தகரக் கத்தரியிலேயே வெட்டிக்கொள்ளலாம். இதுதான் எர்த் பிடிக்கும் இடம்.

கோப்பது

ஹாஃப் யூனியனை மேலிருந்து பலகை ஓட்டைக்குள் விடுங்கள், பைப் மறை கீழே. அறைக்குள் முதலில் பித்தளைத் தகடு, அதன் மேல் செக் நட். நட்டைக் கீழே ஒரு திருப்புளியால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, மேலே யூனியனை ஸ்பேனரால் திருப்பி இறுக்கினால் பலகை நடுவில் கவ்வப்படும். ஸ்பேனரின் வாயில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக்கொண்டால் பித்தளையில் கீறல் விழாது. தகட்டின் வால் முன்பக்க அறையைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஒயரை இழுப்பது அடுத்து. ஒரு நைலான் கயிற்றின் நுனியில் பஞ்சுத் துண்டு கட்டி, பைப்பின் ஒரு வாயில் வைத்து, மறுவாயில் வேக்குவம் கிளீனரை வைத்தால் ஒரே உறிஞ்சலில் வந்துவிடும். பிறகு கயிற்றில் ஒயரைக் கட்டி, டால்கம் பவுடர் தடவி, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க. இழுத்த பிறகு வெளியே வந்த ஒயரை நகத்தால் தடவிப் பாருங்கள். உறையில் எங்காவது நகம் மாட்டினால் அந்த ஒயரை எடுத்துப் போட்டுவிட்டு, விளிம்பைத் தேடிச் சரிசெய்து, புது ஒயர் இழுங்கள். டேப் சுற்றி உள்ளே விடுகிற வேலை வேண்டாம்.

கீழ் நுனி யூனியன் வழியாக அறைக்குள், அங்கிருந்து பின் ஓட்டை வழியாக வெளியே. அதன் பிறகு பைப்பை யூனியனின் கூம்பில் உட்காரவைத்து நட்டை இறுக்குங்கள். இரண்டு ஸ்பேனர்: ஒன்று யூனியனைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. பல்ப் பக்கம் நேராகப் பலகையின் நடுக்கோட்டைப் பார்க்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசி இறுக்கு. மேல் நுனியில் பிளேர் பிளக்கும் அதே முறை. பிளக்கில் நிப்பிள், நிப்பிளில் ஹோல்டர்.

அறைக்குள் வருகிற இடத்தில் வெளி உறையை மட்டும் ஐந்து, ஆறு சென்டி நீளத்துக்குச் சீவி எடுங்கள். லைவான பழுப்பும் நியூட்ரலான நீலமும் வெட்டுப்படாமல் அப்படியே போகட்டும். எர்த்தான பச்சை-மஞ்சளை மட்டும் வெட்டி, வெட்டிய இரண்டு நுனியையும் ஒரே வளைய லக்கில் சேர்த்து நசுக்கி (கிரிம்ப் செய்து), தகட்டின் வாலில் ஸ்பிரிங் வாஷரோடு எம்4 போல்ட் போட்டு இறுக்குங்கள். மேலே போகிற பச்சை, ஹோல்டரின் எர்த் திருகுக்கு. யூனியனுக்குள் நுழையும் இடத்தில் வெளி உறை முழுசாக இருக்க வேண்டும், சீவினது அறையின் நடுவில் மட்டும்.

பின் ஓட்டைக்கு உள்ளே ஒயரை இரண்டு திருகுள்ள கிளாம்பால் மரத்தோடு பிடியுங்கள். யாராவது கால் இடறி ஒயரை இழுத்தால் அந்த இழுப்பு கிளாம்போடு நிற்க வேண்டும், இணைப்புக்குப் போகக் கூடாது. உள்ளே முடிச்சுப் போடுகிற பழைய வழக்கம் வேண்டாம், முடிச்சில் உறை நாளடைவில் நசுங்கும். அறையைக் கரண்ட் கடத்தாத ஹைலம் ஷீட்டால் மூடி நாலு திருகு, நாலு மூலையில் ரப்பர் பொத்தான்.

சாக்கெட்டில் சொருகுகிற பிளக்கில் எல் (லைவ்), என் (நியூட்ரல்), இ (எர்த்) என்று போட்டிருக்கும்: முறையே பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பச்சையை மற்ற இரண்டைவிட ஒரு சென்டி நீளமாக விடுங்கள். ஒயர் பிய்ந்து வந்தாலும் எர்த் கடைசியாகத்தான் விடும். இன்லைன் ஸ்விட்ச் பழுப்பை மட்டும்தான் அறுக்க வேண்டும். நீலத்தில் போட்டாலும் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். சந்தையில் இரண்டு கோர் ஒயருக்கான ஸ்விட்ச்தான் அதிகம், மூன்று கோர் உள்ளே அடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். திருகு மறை பல்ப் ஹோல்டர் வாங்கியிருந்தால் பழுப்பு நடு முனைக்கு, நீலம் மறைக்கு.

சாக்கெட்டில் சொருகும் முன்பு

மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வையுங்கள். ஒரு முள் பிளக்கின் பெரிய பின்னில் (எர்த்), மற்றொன்று பைப்பில். ஒலிக்க வேண்டும். ஹோல்டரின் பித்தளையிலும், யூனியனிலும், இரண்டு நட்டிலும் வைத்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒலிக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச்சை ஆன் செய்து, எல் பின்னுக்கும் பைப்புக்கும், என் பின்னுக்கும் பைப்புக்கும் பாருங்கள். இங்கே ஒலிக்கவே கூடாது. ஒயரை ஆட்டியபடியே மறுபடி. கம்ப்ரஸர் வைண்டிங் பார்க்க நான் வைத்திருக்கிற மெக்கரால், அதாவது இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டரால், 500 வோல்ட்டிலும் ஒரு தடவை சுற்றிவிடுவேன். புது ஒயரில் முள் கடைசி வரை ஓட வேண்டும், ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் பிரித்துப் பார்க்காமல் நகரமாட்டேன். வீட்டில் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால் அது இன்னொரு காவல். எர்த்துக்குப் பதில் அது ஆகாது.

பல்ப் எல்இடி மட்டும், ஐந்து வாட் போதும், நிறம் 2700 கெல்வின். 6500 கெல்வின் வெள்ளையில் செம்பு செத்துப்போன நிறத்தில் தெரியும், இவ்வளவு பாடும் வீண். பழைய குண்டு பல்ப் 60 வாட்டில் போட்டால் ஹோல்டரின் சூடு நேராக நிப்பிள் வழியாகப் பைப்புக்கு இறங்கும். செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும், உள்ளே இருப்பதோ பிவிசி. ஷேடுக்குப் பனை ஓலைக் கூடையும் கொட்டாங்குச்சியும் இரண்டும் எனக்குப் பிடிக்கும், எல்இடி என்பதால்தான் அந்தத் துணிச்சல்.

பூச்சு

மரத்துக்கு லின்சீட் ஆயில், துணியில் தொட்டு மெல்லிசாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று கை. கோப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். லின்சீட் காய்வது சூட்டை வெளிவிடுகிற வேலை, சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.

செம்பைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தால் கண் கூசும் அளவுக்கு வரும், நம் வீட்டுச் செம்புக்குடத்துக்குச் செய்கிறதேதான். ஆனால் இதையும் ஒயர் போடும் முன்பே செய்து, உள்ளும் புறமும் கழுவித் துடைத்து உலர்த்துங்கள், உப்பு தங்கினால் பச்சை பூக்கும். பளபளப்பு அப்படியே நிற்க வேண்டுமென்றால் கிளியர் லாக்கர் ஸ்பிரே. அது மட்டும் எல்லாம் கோத்து, மீட்டரில் பார்த்த பிறகு. முன்பே அடித்தால் பிளேரின் முகத்திலும் யூனியன் கூம்பிலும் லாக்கர் படிந்து, செம்புக்கும் பித்தளைக்கும் நடுவே தோலாக நிற்கும், எர்த் அறுந்துபோகும். நான் லாக்கர் அடிப்பதில்லை. கைபட்டுக் கைபட்டுச் சில இடம் பழுப்பாகவும் வளைவு சிவப்பாகவும் அதுவாக நிறம் மாறுவது எனக்குப் பிடித்திருக்கிறது. விருந்தாளி வருகிற நாளில் என் மனைவி மட்டும் எலுமிச்சைத் தோலோடு கிளம்பிவிடுவாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேய்க்கச் சொல்வதோடு என் பங்கு முடிந்தது.

யாருக்காவது பரிசாகக் கொடுக்கப் போகிறீர்களென்றால், அவர்கள் வீட்டு சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கிறதா, இருந்தால் அதற்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் ஒயர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் இரண்டு ஓட்டை சாக்கெட் இன்னமும் உண்டு. இரண்டு பின் அடாப்டர் போட்டுச் சொருகினால் நாம் தகடு வெட்டி லக் அடித்ததெல்லாம் சும்மா. அப்படிப்பட்ட வீட்டுக்கு இதே பைப், இதே பலகை, உள்ளே மட்டும் 5 வோல்ட் யுஎஸ்பி எல்இடி வைத்துச் செய்துவிடுங்கள். ஒயர் மெல்லிசு, அதனால் அரை இஞ்ச் கூட வேண்டாம், மூலையில் கிடக்கிற மூணு நூல் துண்டே போதும். நட்டும் யூனியனும் அதே அளவில் மூணு நூலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். போன் சார்ஜரில் எரியும்.